சற்குணத்தின் சனிக்கிழமைக் கூட்டம்

சற்குணம் சங்கரன்கோவில் டெலிபோன் ஆபீசுக்கு ஆபரேட்டராக வந்தது 1977-இல். அப்போது அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "அமையலை" என்ற ஒரே பதிலைத்தான் சொன்னாள். சாயர்புரம் பக்கத்துக்காரி. தகப்பனார் உபதேசியாராக இருந்தவர். ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் யாருக்கும் பேர் தெரியாத ஒரு கிராமத்துச் சபையில் காலமானார். அவரிடமிருந்து அவளுக்கு வந்தது ஒரு பழைய வேதப்புத்தகமும், யார் பேசினாலும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்ற பழக்கமும்.

அந்தப் பழக்கம் வேலைக்கு உதவியது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால், எலுமிச்சை விலை கேட்கிறவர்கள், நூல் பேல் வந்து சேரவில்லை என்று சண்டை போடுகிறவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து அழுகிறவர்கள் என்று ஊர் முழுவதும் அவள் காது வழியாகப் போய் வந்தது. கேட்டதை அவள் வெளியே சொன்னதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மகபூப் பீவி வீட்டின் பின்கட்டில் ஓர் அறையும் சின்ன அடுப்படியும் வாடகைக்கு எடுத்திருந்தாள். மகபூப் பீவிக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். "ஏட்டி சற்குணம், டூட்டி முடிஞ்சிட்டா?" என்று கேட்கத் தினமும் வாசலில் ஒரு ஆள் இருந்தது சற்குணத்துக்கு ஆறுதலாக இருந்தது.

ஊரில் அவள் போன சபை சின்னது. பாதிக் குடும்பங்கள் ஊருக்குள் இருந்தன. நூல் கடை, பள்ளிக்கூட வேலை, ஆபீஸ் வேலை என்று இருப்பவர்கள். மீதிப் பாதி, கழுகுமலை ரோட்டில் ஊர் முடிகிற இடத்திலிருந்த காலனியில். அவர்கள் மிளகாய்த் தோட்டத்துக்கும் எலுமிச்சைத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே சர்ச்சுக்குத்தான் வந்தார்கள். வந்தால் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குருவானவர்தான் முதலில் அவளிடம் கேட்டார். வாலிபப் பிள்ளைகள் கையில் நிற்கவில்லை, சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சுக்குப் பக்கத்து அறையில் அவர்களை வைத்து ஏதாவது நடத்த முடியுமா என்றார். "ஏதாவதுன்னா என்ன ஐயா?" என்று கேட்டாள். "பாட்டு, வேதபாடம், ஜெபம். உங்களுக்குத் தெரியாததா?" என்றார் அவர்.

முதல் சனிக்கிழமை ஒரு பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள் வந்தார்கள். பையன்கள் ஒரு சுவரோரம், பெண்பிள்ளைகள் எதிர்ச் சுவரோரம். காலனிப் பிள்ளைகள் நான்கு பேர் வாசல் பக்கம் ஒன்றாக. யாராவது ஜெபம் பண்ணுங்கள் என்றதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில், வாத்தியார் மகன் துரைசிங் எழுந்து நின்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆரம்பித்தான். "சர்வவல்லமையும் மகா பரிசுத்தமும் பொருந்திய எங்கள் பரமபிதாவே, இந்த அந்திநேர வேளையிலே உமது திருப்பாதம் தேடி வந்திருக்கும் ஏழைப் பாவிகளாகிய..." என்று மூச்சு விடாமல் போய், நடுவில் ஒரு வார்த்தை மறந்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, ஒருவழியாக ஆமென் சொல்லி உட்கார்ந்தான். பெண்பிள்ளைகள் பக்கம் அடக்கிய சிரிப்பு கேட்டது.

சற்குணம் சிரிக்கவில்லை. "நல்லா இருந்துச்சு துரைசிங். இது யாரு ஜெபம்?"

"எங்க அப்பா பண்ணுதது அக்கா."

"உன் ஜெபம் எது?"

அவன் விழித்தான். அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று அதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை.

அடுத்த வாரம் அவள் பாய்களை நடுவில் விரித்து எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னாள். ஒரு பாதி பையன்கள், ஒரு பாதி பெண்கள். வாசல் பக்கத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டு இடையிடையே உட்கார வைத்தாள். பையன்கள் பையன்களோடும் பெண்கள் பெண்களோடும் கை கோத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாதியும் சேருகிற ஒரு முனையில் அவளே உட்கார்ந்தாள். இன்னொரு முனையில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது.

"ஆபீஸ்ல வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் குடுப்பேன்லா, அதுல யாரும் அலங்காரமாப் பேசுததில்லை," என்றாள். "எடுத்தவொடன விஷயத்தைச் சொல்லிருவாங்க. நீங்களும் அப்படியே ஒரு வரி சொன்னாப் போதும். சொல்ல ஒண்ணும் இல்லைன்னா சும்மா இருங்க. சும்மா சேந்து இருக்கதும் ஜெபம்தான்."

முதலில் சும்மாவே இருந்தார்கள். வெளியே தறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாருக்காவது இருமல் வரும், யாராவது நெளிவார்கள். ஆனால் அவள் அந்த அமைதியை அவசரப்பட்டு நிரப்பவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு பெண், "ஆண்டவரே, எங்க அக்காவப் பாத்துட்டுப் போனவங்க பதிலே சொல்லல," என்றாள். யாரோ சிரித்தார்கள். அடுத்த வாரம் துரைசிங், "ஆண்டவரே, எனக்குக் கணக்கு வரமாட்டேங்குது, எங்க அப்பாவுக்கு அது புரிய மாட்டேங்குது," என்றான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

காலனியிலிருந்து வந்தவர்களில் ஏசுவடியானுக்குப் பதினாறு வயது. பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். உயரம், ஒல்லி, பேச்சு மிகவும் குறைவு. தங்கை லேயாளைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவான். தகப்பன் இல்லை. அம்மா ஞானப்பூ மிளகாய்ப் பழம் பறிக்கப் போவாள். மாதக்கணக்காக அவன் அந்த வட்டத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனான். சற்குணமும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் சொல்லி முடித்து, இனி யாரும் இல்லை என்று அவள் ஆமென் சொல்லப்போகும் நேரத்தில், அவன் குரல் கேட்டது.

"ஆண்டவரே, எங்கம்மா ராத்திரி பூரா இருமுதா." பிறகு, "அவ்வளவுதான்," என்றான்.

அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து கிளாடிஸ் பேசினாள். நூல் கடை தேவபிச்சையின் ஒரே மகள். தேவபிச்சைதான் சபைக் கமிட்டிச் செயலாளர். கிளாடிசுக்குப் பதினைந்து வயது. அவள் கை லேயாளின் கையைப் பிடித்திருந்தது.

"ஆண்டவரே, அவங்க அம்மா இன்னைக்காவது தூங்கணும்," என்றாள்.

அதுவரை எல்லோரும் அவரவர் கவலையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் கையில் வாங்கி மேலே கொடுத்தது அன்றைக்குத்தான். பிறகு ஒவ்வொருவராகத் தொடர்ந்தார்கள். இருமல் நிற்கணும், லேயாளுக்குப் பயம் போகணும், ஏசுவடியான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடாம வரணும். லேயாள் விசும்பி அழுதாள். ஏசுவடியான் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். சற்குணம் அன்று ஆமென் சொல்ல மறந்துபோனாள். பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து, சத்தமில்லாமல் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்த அவள் முகத்தைப் பார்த்து, "என்னட்டி, பிரமோஷன் வந்திருக்கா?" என்று மகபூப் பீவி கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல அந்தக் கூட்டம் நன்றாக நடந்தது. சனிக்கிழமைக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒருவர் வராவிட்டால் அவர் பேரைச் சொல்லி ஜெபித்தார்கள். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே திணறிக் கிடந்த அன்றும், ரத வீதியைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். சற்குணம் சனிக்கிழமைகளில் காலை டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் வாழ்க்கையில் ஒன்றும் அமையவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த ஒரு வருஷம் அப்படிச் சொல்லவில்லை.

ஞானப்பூவின் நோய் காசநோய் என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்தாள். "நாம அவங்க வீட்டுக்கே போய் ஜெபம் பண்ணலாம்க்கா," என்று சொன்னவள் கிளாடிஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோருமாக நடந்து போனார்கள். ஊர்ப் பிள்ளைகளில் பலர் காலனிக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை.

ஞானப்பூ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை பிள்ளைகளைப் பார்த்ததும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. லேயாளை விரட்டிக் கருப்பட்டிக் காப்பி போடச் சொன்னாள். டம்ளர் பற்றாமல் பக்கத்து வீடுகளில் வாங்கி வந்தார்கள். காப்பி வந்ததும் ஏசுவடியான் மட்டும் ஊர்ப் பிள்ளைகளின் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். துரைசிங் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி தயங்கினான். கிளாடிஸ் ஊதி ஊதி முழுவதையும் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டாள். பிறகு எல்லோரும் குடித்தார்கள்.

ஜெபிக்கும்போது கிளாடிஸ் கட்டிலில் உட்கார்ந்து ஞானப்பூவின் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். "ஆண்டவரே, இவங்களுக்கு மூச்சு நல்லா வரணும். அடுத்த சர்ச் அசன விருந்துக்கு இவங்க எங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்," என்றாள். ஞானப்பூ சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என்னைத் தொட்டு யாரும் ஜெபிச்சதில்ல தாயி," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் தேவபிச்சை ஆள் அனுப்பினார்.

அவர் கெட்டவர் இல்லை. சற்குணம் ஊருக்கு வந்த புதிதில் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான். அன்றும் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, மெதுவாகத்தான் பேசினார்.

"நான் சாதி பாக்கவன் இல்லம்மா. உனக்கே தெரியும். அசனத்துல அத்தனை பேருக்கும் நானே நின்னு இலை போடுதேன். ஆனா இதுக வயசுப்பிள்ளைக. வீட்டுக்குள்ள போய் உக்காந்து, வாங்கிக் குடிச்சு, தொட்டு... நாளைக்கு நாலு பேரு ஒண்ணுக்கு ரெண்டாச் சொன்னா எம்பிள்ளைய யாரு கட்டுவா? அதுவும் ஒட்டுத நோவு."

"மருந்து சாப்பிடுதாங்க அண்ணாச்சி. இப்ப ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டர் சொல்லுவாரு," என்றார் தேவபிச்சை. உள்ளே கதவுக்குப் பின்னால் கிளாடிஸ் நிற்பது சற்குணத்துக்குத் தெரிந்தது. வெளியே வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடியது. யாரும் குரலை உயர்த்தவில்லை. காலனியில்தான் ஒரு ஜெபவீடு இருக்கிறதே, அந்தப் பிள்ளைகளுக்கு அங்கேயே ஒரு கூட்டம் வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கே. இரண்டையும் சற்குணமே நடத்தட்டும் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் இருட்டுவதற்குள் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதும் இல்லை என்று ஒருவர் கரிசனத்தோடு சொன்னார். இதற்கு இசையாவிட்டால் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் அனுப்ப மாட்டார்கள், கூட்டமே நின்றுவிடும் என்றார் இன்னொருவர். குருவானவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வருகிற மே மாதம் மாற்றல்.

"யோசிச்சுச் சொல்லுதேன்," என்று சற்குணம் எழுந்து வந்தாள்.

அவள் யோசித்தாள். முடியாது என்றால் எல்லாம் போய்விடும். சரி என்றால் இரண்டு பக்கமும் பிள்ளைகளாவது மிச்சம் இருப்பார்கள். கோபம் ஆறியதும் கிறிஸ்துமஸ் சாக்கில் திரும்பச் சேர்த்துவிடலாம். பெரியவர்களோடு மல்லுக்கு நின்று பிள்ளைகளைக் கைவிடுவதைவிட இது நல்லது. இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை தேவபிச்சையின் கடைக்குப் போய், "சரி அண்ணாச்சி," என்றாள். அவர் சந்தோஷப்பட்டார். அவள் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று தனக்குத் தெரியும் என்றார்.

காலனிப் பிள்ளைகளிடம் அவள்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. ஜெபவீட்டில் பிள்ளைகள் நாலு பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தூரம், இருட்டு, பரீட்சை என்று சுற்றி வளைத்துச் சொன்னாள். சொல்லும்போதே தன் பேச்சு முதல் சனிக்கிழமை துரைசிங் பண்ணிய ஜெபம் மாதிரி இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தையும் அவளுடையது இல்லை.

ஏசுவடியான் கேட்டு முடித்துவிட்டு, "சரிக்கா," என்றான். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவன் பாயைச் சுருட்டியபடி நின்றான்.

"சேந்து இருக்கதே ஜெபம்னு நீங்கதான் சொன்னிய," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. விளங்காத கணக்கு ஒன்றைக் கேட்பதுபோல் சொன்னான்.

சற்குணம், "கொஞ்ச நாளைக்குத்தான்ப்பா," என்றாள்.

அவன் பாயைச் சுவரில் சாய்த்து வைத்தான். "எங்கம்மாவுக்கு அங்கன ஜெபம் பண்ணுவியள்லா?"

"பண்ணுவோம்."

"பேரு சொல்லிப் பண்ணுங்க," என்றுவிட்டுப் போனான்.

அந்தச் சனிக்கிழமை ஊர்ப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாலு பேர் குறைந்ததால் வட்டம் நெருங்கிச் சின்னதாகியிருந்தது. லேயாள் இருந்த இடத்தில் இன்னொரு பெண் கையை நீட்டினாள். கிளாடிஸ் அந்தக் கையைப் பிடிக்காமல் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். "ஞானப்பூ அம்மாவுக்காக யாராவது..." என்று சற்குணம் ஆரம்பித்தாள். ஒருவரும் நிமிரவில்லை. கடைசியில் கிளாடிஸ்தான் பேசினாள். "சர்வவல்லமையும் கிருபையும் பொருந்திய பரமபிதாவே, இந்த அந்திநேர வேளையிலே..." என்று கமிட்டிக்காரர்கள் பண்ணுகிற ஜெபத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அதில் சகல வியாதியஸ்தருக்காகவும் வேண்டுதல் இருந்தது. யாருடைய பேரும் இல்லை. அவள் ஆமென் சொன்னதும் துரைசிங் தன் அப்பாவின் ஜெபத்தைச் சொன்னான். அவனுக்குப் பின் இன்னொருவன். ஒன்றரை வருஷமாக அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது அந்த அரைமணி நேரத்தில் அழிவதைச் சற்குணம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலனிக் கூட்டத்துக்கு லேயாள் ஒருத்திதான் வந்தாள். அடுத்த வாரம் அவளும் வரவில்லை. ஏசுவடியான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு விசைத்தறிக்குப் போவதாகச் சொன்னார்கள்.

கிளாடிசை நடு வருஷத்திலேயே பாளையங்கோட்டை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். போவதற்கு முந்தின நாள், டியூஷன் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மகபூப் பீவி வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுட்டி."

"அன்னைக்கு நான் அவங்க அம்மாவுக்கு ஜெபம் பண்ணதுனாலதானே எல்லாம் இப்படி ஆச்சு? நான் சும்மா இருந்திருந்தா அவங்கல்லாம் இன்னும் வந்துட்டு இருப்பாங்கள்லா?"

சற்குணம் எழுந்து அவளிடம் வந்தாள். "இல்ல மக்கா. நீ பண்ணதுதான் ஜெபம்," என்றாள்.

"அப்போ ஏன் அப்பா அதுக்கு அடிச்சாங்க?"

அவளை அடித்தது சற்குணத்துக்கு அதுவரை தெரியாது. பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள். கிளாடிஸ் அழவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே விறைப்பாக நின்றுவிட்டு, டியூஷன் முடியும் நேரம் ஆகிவிட்டது என்று விலகிப் போனாள்.

கிறிஸ்துமசுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு ஞானப்பூ இறந்துபோனாள். மாத்திரைகளைக் கொஞ்ச நாளாகச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சற்குணம் பாதி டூட்டியில் சொல்லிவிட்டு ஓடினாள். வீட்டுக்கு முன்னால் பெண்கள் கூட்டம். ஏசுவடியான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். அவன் சட்டையெல்லாம் தறிப் பஞ்சு. ஊர்ப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. அரைப்பரீட்சை நடக்கிறது என்றார்கள்.

எடுப்பதற்கு முன்னால் குருவானவர் சற்குணத்தைப் பார்த்து, வீட்டுப் பெண்களுக்காக ஒரு ஜெபம் பண்ணும்படி சொன்னார். அவள் கட்டில் பக்கம் போனாள். கண்ணை மூடினாள். "ஆண்டவரே," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். ஞானப்பூவின் பேரைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அந்தப் பேரைச் சொல்லத் தனக்கு இனி உரிமை இல்லை என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

"விடுங்கக்கா," என்றான் ஏசுவடியான் தரையிலிருந்து. "வேண்டாம். விடுங்க."

காலனி ஜெபவீட்டு உபதேசியார் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். பிறகு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பண்டிகை முடிந்ததும் அவள் கமிட்டி முன்னால் போய் நின்றாள். தான் சம்மதித்தது தப்பு, கூட்டம் நடந்தால் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும், இல்லையென்றால் தன்னால் நடத்த முடியாது என்றாள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்வதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. தேவபிச்சை வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அப்போ கொஞ்ச நாளைக்கு வேண்டாம்மா," என்றார். அந்த அறையில் அசனத்துக்குரிய அண்டாக்களையும் வாளிகளையும் கொண்டுவந்து அடுக்கினார்கள்.

சற்குணம் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காலனி ஜெபவீட்டுக்கே போனாள். சனிக்கிழமை சாயங்காலமும் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஊரில் அவளைப் பற்றி ஏதேதோ பேசினார்கள். காலனியிலும் அவளை யாரும் கொண்டாடவில்லை. வந்தால் வா, போனால் போ என்று இருந்தார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. பல மாதம் கழித்து ஒருநாள் லேயாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரமும் வந்தாள். அப்படியே அது வழக்கமானது. ஏசுவடியான் அதற்குள் லாரிக் கிளீனராகப் போய், அங்கிருந்து பம்பாய்க்குப் போய்விட்டான். போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

1983-இல் ஒரு மத்தியானம் பம்பாயிலிருந்து ஒரு கால் வந்தது. காலனிக்கு எதிரே இருந்த அரிசி மில் நம்பர். லேயாள் என்ற பெண்ணைக் கூப்பிட வேண்டும். மில்லுக்குப் போட்டு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு, அவள் லைனில் காத்திருந்தாள். பம்பாய் ஆபரேட்டர் லைனைத் திறந்தே வைத்திருந்தாள் போலிருக்கிறது. எதிர்ப்பக்கம் ஒருவன் மூச்சுவிடுவது கேட்டது. "ஹலோ, ஹலோ, லேயாளா?" என்ற குரலை அவள் உடனே அறிந்துகொண்டாள்.

"லேயாளைக் கூப்பிட ஆள் போயிருக்கு. லைன்ல இருங்க," என்றாள். பிறகு அடக்கமாட்டாமல், "ஏசுவடியான், நான் சற்குணம் பேசுதேன்," என்றாள்.

லைனில் இரைச்சல். "யாரு?"

"சற்குணம்."

"நல்லா இருக்கியளா?" என்றான்.

"இருக்கேன்ப்பா." இத்தனை வருஷமாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வாயில் வந்தது. "என்னை மன்னிச்சிருப்பா."

இரைச்சல் கூடிக் குறைந்தது. "என்ன சொல்லுதிய? கேக்கல," என்றான் அவன்.

அவள் திரும்பச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மில் பக்கத்திலிருந்து, "அண்ணே" என்று லேயாளின் குரல் மூச்சு வாங்கக் கேட்டது. சற்குணம் "பேசுங்க" என்று இணைத்துவிட்டு, போர்டுச் சாவியைத் தள்ளித் தான் லைனிலிருந்து விலகிக்கொண்டாள். அவனுக்கு உண்மையிலேயே கேட்கவில்லையா, கேட்டும் அப்படிச் சொன்னானா என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று. அன்று முழுவதும் யார் லைன் கேட்டாலும் அவள் இரண்டு தடவை நம்பரைத் திருப்பிக் கேட்டாள்.

லேயாளுக்கு 1986-இல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சிவகிரிப் பக்கம், கட்டட வேலை. ஏசுவடியான் லீவில் வந்திருந்தான். பேன்ட் போட்டு, உடம்பு வைத்து, மீசை வளர்த்து, எல்லாச் செலவையும் அவனே முன்னின்று பார்த்துக்கொண்டிருந்தான். சற்குணத்தைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "வாங்க மேடம்," என்றான். ஒரு நாற்காலியை எடுத்து வந்து, துண்டால் துடைத்து, ஆபீசர்களுக்குப் போடுவதுபோல முன்வரிசையில் போட்டான். "உக்காருங்க மேடம். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்." மற்ற பெண்கள் எல்லோரும் பாயில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவள் தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

புறப்படும் நேரத்தில், ஜெபம் பண்ணி அனுப்பும்படி லேயாள் கேட்டாள். சற்குணம் அவள் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இந்தப் பிள்ளை தனியா இருக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னாள். கண்ணைத் திறந்தபோது ஏசுவடியான் அங்கே இல்லை. வெளியே வேன்காரனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

அவள் நடந்து வீட்டுக்கு வந்தாள். மகபூப் பீவி வாசலில் இருந்தாள்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சாட்டி?"

"நடந்துச்சு மாமி."

"அந்தப் பய வந்திருந்தானா? பேசினானா?"

"வந்திருந்தான் மாமி. ரொம்ப மரியாதையா, மேடம்னு கூப்பிட்டுப் பேசினான்," என்றாள் சற்குணம். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போக முடியாமல், மகபூப் பீவியின் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து, சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகபூப் பீவி ஒன்றும் கேட்காமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.